குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர்: எதோடு எது சேரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லைப் பக்கம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், வாளையாறு பக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் பாதிப் பாகங்களைக் கோவையில் வாங்குகிறார்கள், மீதியைப் பாலக்காட்டிலோ ஆன்லைனிலோ வாங்குகிறார்கள். ஒரே கடையில் எல்லாம் வாங்கினால் கடைக்காரரே பொருத்திக் கொடுத்துவிடுவார். நாலு இடத்தில் வாங்கும்போது ஒன்றோடொன்று சேருமா என்று பார்க்கும் பொறுப்பு நம்முடையது. 1080பி (1920 x 1080 புள்ளி) மானிட்டரில் நிம்மதியாக விளையாடும் அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சேர்க்க நினைப்பவர்களுக்காக இந்தப் பதில்கள்.

எந்தப் பாகத்திலிருந்து ஆரம்பிப்பது?

என்ன கேம், என்ன மானிட்டர் என்று முதலில் தீர்மானியுங்கள். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மட்டும்தான் என்றால் சாதாரண கிராபிக்ஸ் கார்டே போதும், நல்ல ப்ராசஸரும் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) மானிட்டரும்தான் முக்கியம். கதையுள்ள பெரிய கேம்கள் என்றால் பணத்தின் பெரும்பங்கு கார்டுக்குப் போக வேண்டும்.

கார்டு முடிவானதும் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் கரண்டு கொடுக்கும் பெட்டி) எவ்வளவு வாட் என்பது தானாகத் தெரிந்துவிடும். அதன்பிறகு ப்ராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் ஒரே தொகுப்பாக எடுங்கள். இந்த மூன்றில் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். எஸ்எஸ்டி (விண்டோஸும் கேம்களும் சேமிக்கும் டிரைவ்), கேபினெட், விசிறி எல்லாம் கடைசியில். பணம் இடித்தால் கேபினெட்டில் குறையுங்கள், எஸ்எஸ்டியை 1 டிபிக்குப் பதில் 500 ஜிபி ஆக்குங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். ஏன் என்று கீழே விரிவாக இருக்கிறது.

ப்ராசஸரும் மதர்போர்டும் சேருமா என்று எப்படிப் பார்ப்பது?

சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்), சிப்செட் (பி450, எச்610 என்று போர்டின் பெயரில் வரும் கட்டுப்பாட்டுச் சிப்), பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டுக்குள் இருக்கும் மென்பொருள்) என்று மூன்று படி. சாக்கெட் வேறு என்றால் உள்ளேயே உட்காராது. சாக்கெட் சரியாக இருந்தும் சிப்செட்டோ பயாஸோ ஒத்துவராமல் ஆன் ஆகாமல் நிற்பதும் உண்டு. இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்.

ஏஎம்டியில் ஏஎம்4, ஏஎம்5 என்று இரண்டு சாக்கெட் இப்போது கடைகளில் இருக்கிறது. ரைசன் 5 5500, 5600, 5600ஜி போன்றவை ஏஎம்4. இவற்றுக்கு ஏ520, பி450, பி550 போர்டுகள், டிடிஆர்4 ரேம். ரைசன் 5 7500எஃப், 7600, 8400எஃப் போன்றவை ஏஎம்5. இவற்றுக்கு ஏ620, பி650, பி850 போர்டுகள், டிடிஆர்5 ரேம் மட்டும்.

இன்டெல்லில் 12, 13, 14ஆம் தலைமுறை மூன்றும் எல்ஜிஏ 1700 சாக்கெட். ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் இரண்டும் இதில்தான் வரும். போர்டு எச்610, பி660 அல்லது பி760. 10, 11ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1200 என்று வேறு சாக்கெட். "இன்டெல் போர்டுதானே, இன்டெல் ப்ராசஸர் போடலாம்" என்று எடுத்து ஏமாறாதீர்கள்.

இன்டெல் 1700 போர்டில் இன்னொரு சிக்கல். ஒரே பெயரில் டிடிஆர்4 போர்டும் டிடிஆர்5 போர்டும் வரும், பெயரின் கடைசியில் டி4 என்று இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம். அட்டைப்பெட்டியில் ரேம் வகையைப் படிக்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

இன்றைக்கு எதை எடுப்பது? ஏஎம்4 பழசாகிவிட்டதே?

பழசுதான், ஆனால் 1080பி விளையாட்டுக்கு ரைசன் 5 5600 இன்னும் சோர்ந்துபோகவில்லை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். வீட்டில் பழைய கம்ப்யூட்டரில் நல்ல டிடிஆர்4 ரேம் 2 x 8 ஜிபி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஏஎம்4 அல்லது டிடிஆர்4 எல்ஜிஏ 1700 எடுங்கள். ரேமும் புதிதாகத்தான் வாங்க வேண்டும், மூன்று நாலு வருடம் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றும் எண்ணமும் இருக்கிறது என்றால் ஏஎம்5 சரி. ஏஎம்4இல் இனி மேலே போக அதிக இடமில்லை.

ரைசன் 5500க்கும் 5600க்கும் விலை வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் 5600 எடுங்கள். 5500இல் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 16 எம்பி, 5600இல் 32 எம்பி. கேமில் இது நன்றாகவே தெரியும். கார்டும் ப்ராசஸரும் பேசிக்கொள்ளும் இணைப்பான பிசிஐஇயிலும் வித்தியாசம்: 5500 பிசிஐஇ 3.0தான், 5600 பிசிஐஇ 4.0. அது ஏன் முக்கியம் என்பது கார்டு பற்றிய பதிலில் வரும்.

பெயரின் கடைசியில் எஃப், ஜி என்று எழுத்து வருகிறதே?

இன்டெல்லிலும் ஏஎம்டியிலும் எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. ஜி என்றால் ஏஎம்டியில் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. ரைசன் 5 5600 என்று எழுத்தே இல்லாமல் வருவதிலும் கிராபிக்ஸ் கிடையாது. இதை மறந்துவிட்டு "கார்டு அடுத்த மாதம் வாங்கிக்கலாம்" என்று 5600 எடுத்தவர்கள் ஒரு மாதம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கார்டு பிறகு வாங்குவதாக இருந்தால் 5600ஜி எடுத்து, ரேமை இரண்டு குச்சியாகப் போடுங்கள்; வாலரன்ட் நன்றாகவே ஓடும்.

போர்டு புதிது, ப்ராசஸரும் புதிது, ஆனால் ஆன் ஆகவில்லை என்கிறார்களே?

பயாஸ் பழையதாக இருக்கலாம். பி450 போர்டு வெளிவந்த காலத்தில் ரைசன் 5000 கிடையாது. கடையில் தூசி படிந்து கிடந்த பழைய ஸ்டாக் என்றால் பயாஸ் அப்டேட் செய்தால்தான் அந்த ப்ராசஸரை அடையாளம் காணும். எச்610, பி660 போர்டுகளில் 12ஆம் தலைமுறை சாதாரணமாக ஓடும், 13, 14 போட்டால் அதே கதை வரலாம்.

வாங்குமுன் போர்டு நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் ப்ராசஸர் பட்டியலைத் திறந்து, உங்கள் ப்ராசஸருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பாருங்கள். பிறகு கடையில் "அப்டேட் செய்து கொடுங்கள்" என்று கேளுங்கள். ஊர் திரும்பிய பிறகு தெரிந்தால் மறுபடி ஒரு நாள் வீண். பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டு என்றால் ப்ராசஸர் இல்லாமலேயே வீட்டில் செய்யலாம்: பென்டிரைவை ஃபேட்32 வடிவில் ஃபார்மட் செய்து, கையேட்டில் சொன்ன பெயரை ஃபைலுக்கு வைத்து, குறித்த யுஎஸ்பி துளையில் சொருகி, பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு மினுக்கி முடியும்வரை கரண்டு போகக் கூடாது. எனவே யுபிஎஸ்ஸில் சொருகிச் செய்யுங்கள்.

16 ஜிபி ஒரே குச்சியா, 8 ஜிபி இரண்டா?

இரண்டு 8. ஒரே குச்சி என்றால் ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே ஒரு பாதைதான் வேலை செய்யும். இரண்டு போட்டால் இரண்டு பாதை. கார்டு உள்ள கம்ப்யூட்டரில் ஃப்ரேம் திடீரென்று விழுவது குறையும். 5600ஜி போன்ற, உள்ளே கிராபிக்ஸ் உள்ள ப்ராசஸரில் வித்தியாசம் மிகப் பெரிது, ஏனென்றால் அது ரேமையே கிராபிக்ஸ் மெமரியாகவும் எடுத்துக்கொள்கிறது.

நாலு ஸ்லாட் போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ போட்டால் ஒரே பாதையில் ஓடும். ஏ520, எச்610 போர்டுகளில் பெரும்பாலும் இரண்டே ஸ்லாட்தான், அங்கே இந்தக் குழப்பம் இல்லை.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 கால்கள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள், வகை தவறு.

வேகம் பற்றி ஒன்று. 3200 என்று எழுதியிருந்தாலும் பல ரேம்கள் முதலில் 2133 அல்லது 2666இல்தான் ஓடும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி, டிஓசிபி அல்லது எக்ஸ்போ என்று இருப்பதை ஆன் செய்ய வேண்டும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் இப்போது எந்த வேகம் என்று தெரியும். வருடக்கணக்காக 2133இலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். எச்610 போர்டில் டிடிஆர்4 3200க்கு மேல் போகாது, அதில் 3600 ரேம் வாங்குவது வீண். ஏஎம்5க்கு டிடிஆர்5 6000 பொருத்தமான வேகம்.

வேறு வேறு பிராண்டு ரேமைச் சேர்க்கலாமா என்றால், சேரலாம், சேராமலும் போகலாம். சேர்ந்தாலும் மெதுவானதன் வேகத்தில்தான் இரண்டும் ஓடும்.

கிராபிக்ஸ் கார்டு எல்லாப் போர்டிலும் போடலாம்தானே?

நுழையும், ஓடும். முழு வேகம் வருமா என்பதுதான் கேள்வி. கார்டுகள் பார்வைக்கு 16 பிசிஐஇ பாதை நீளமுள்ள ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் பட்ஜெட் கார்டுகள் பலவும் 8 அல்லது 4 பாதையை மட்டுமே பயன்படுத்துகின்றன. ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 3050, 4060, 5060 எல்லாம் 8 பாதை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியும் 6400உம் வெறும் 4.

8 பாதைக் கார்டைப் பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் இழப்பு சிறிது, கவலை வேண்டாம். 4 பாதைக் கார்டைப் போட்டால் அடி விழும். 6500 எக்ஸ்டியில் மெமரி 4 ஜிபிதான்; அது நிரம்பும்போது கார்டு ரேமிலிருந்து இழுக்க வேண்டும், இழுக்கும் வாய்க்காலும் குறுகல். ஏ520 போர்டு என்றாலும், 5500, 5600ஜி ப்ராசஸர் என்றாலும் பிசிஐஇ 3.0தான் கிடைக்கும். ஆகவே அவற்றோடு 6500 எக்ஸ்டி சேர்க்காதீர்கள்.

இன்டெல் ஆர்க் கார்டு எடுப்பவர்கள் ரீசைசபிள் பார் (கார்டின் முழு மெமரியையும் ப்ராசஸர் ஒரேயடியாக அணுகும்) வசதி பயாஸில் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாத பழைய போர்டில் ஆர்க் கார்டின் வேகம் நன்றாகவே குறையும். ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி மெமரி இருப்பது பெரிய பலம்தான், ஆனால் பழைய ப்ராசஸரோடு அது முழு வேகத்தைத் தருவதில்லை. புதிய ஏஎம்5 ப்ராசஸரோடு சேர்த்தால் பொருத்தம்.

மெமரி 8 ஜிபிக்குக் கீழே புதுக் கார்டு இப்போது வாங்க வேண்டாம். விதிவிலக்கு ஒன்று: ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை. அது 70 வாட்தான், தனிப் பவர் கேபிள் கேட்காது. அலுவலகங்களில் ஓய்ந்த பிராண்டட் கம்ப்யூட்டர் ஒன்று கையில் இருந்து, அதன் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வழியில்லை என்றால் இதுதான் மிச்சமிருக்கும் வழி. அந்தச் சிறிய கேபினெட்டுக்குள் கார்டின் உயரம் அடங்குமா என்று அளந்துகொள்ளுங்கள்.

"ஐ7, 16 ஜிபி, கேமிங் பிசி" என்று மிகக் குறைந்த விலைக்கு விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?

என்ன தலைமுறை என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ7, எச்61 போர்டு, டிடிஆர்3 ரேம், ஜிடி 730 கார்டு, வண்ண விளக்கு வைத்த கேபினெட். ஜிடி 730 படம் பார்க்கும் கார்டு, விளையாடும் கார்டு இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்தப் ப்ராசஸர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. எதிர்காலத்தில் மாற்றவும் அதில் ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து 5600ஜி தொகுப்பு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

எஸ்எம்பிஎஸ் எவ்வளவு வாட் வேண்டும்?

கணக்குப் போடுவோம். ரைசன் 5 5600 அதிகபட்சம் சுமார் 76 வாட். ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாம் சேர்த்து 50 வாட் வையுங்கள். மொத்தம் 260 வாட்டுக்குப் பக்கம். நல்ல 450 வாட் போதும், 550 எடுத்தால் அடுத்த கார்டுக்கும் ஆகும். ஐ5-12400எஃப் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட். அங்கேயும் 550 தாராளம்.

ஆனால் "450 வாட்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பட்டியலில் +12வி என்ற கட்டத்தைப் பாருங்கள். ப்ராசஸரும் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். அங்கே எழுதியிருக்கும் ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். நல்ல 550 வாட்டில் 45 ஆம்பியருக்குப் பக்கம் இருக்கும், அதாவது 540 வாட். கேபினெட்டோடு இலவசமாக வரும் "450 வாட்" எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு 16, 17 ஆம்பியர் என்று இருப்பதுண்டு. 17ஐ 12ஆல் பெருக்கினால் 204. மேலே போட்ட கணக்கில் ப்ராசஸருக்கும் கார்டுக்கும் மட்டுமே 208 வேண்டும். விளைவு: டெஸ்க்டாப்பில் ஒழுங்காக ஓடும், கேம் திறந்த பத்தாம் நிமிடம் பட்டென்று அணைந்து மறுபடி ஆன் ஆகும். நிறையப் பேர் அப்போது கார்டையோ விண்டோஸையோ குறை சொல்லி, ஃபார்மட் அடித்து, கார்டை மாற்றி அலைகிறார்கள். மலிவு எஸ்எம்பிஎஸ் சாகும்போது தனியாகச் சாவதும் இல்லை, சில சமயம் போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

80 ப்ளஸ் ப்ரான்ஸ் முத்திரை (கரண்டை வீணாக்காத திறனுக்கான தரச்சான்று), ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று), ஐந்து வருட வாரண்டி. இந்த மூன்றும் இருக்கும் 550 வாட்டைத் தேடுங்கள். தோப்புப் பக்கத்து வீடுகளில் மோட்டார் போடும் நேரம் விளக்கு மங்குவது தெரியுமே, அந்த மாதிரி வோல்டேஜ் இறக்கத்தை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் எஸ்எம்பிஎஸ் கண்டுகொள்ளாது. 200 முதல் 240 வரை என்று எழுதியிருப்பது தடுமாறும். இதுவும் அதே பட்டியலில், உள்ளீடு என்ற இடத்தில் இருக்கும்.

கேபிள்களில் கவனம் வேண்டும். ப்ராசஸருக்கான 8 பின் 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கான 8 பின் 6+2 ஆகப் பிரியும். இரண்டும் பார்க்க ஒன்று போல இருக்கும். அழுத்தி மாற்றிச் சொருகினால் ஷார்ட் ஆகும். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் வேறு பிராண்டு கேபிளை அதில் சொருகாதீர்கள், எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் வயர்களின் வரிசை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். சாட்டா (டிஸ்குக்கான முனை) பவரை 8 பின் ஆக்கும் இணைப்பான் பாலக்காட்டிலும் கிடைக்கிறது, கோவையிலும் கிடைக்கிறது, வாங்கவே வேண்டாம். சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட் தாங்கும், கார்டின் 8 பின் 150 வாட் வரை கேட்கலாம். பிளாஸ்டிக் உருகும் வாசனை வந்த பிறகுதான் தெரியும்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் ஓட்டலாம். அதில் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கும், அதை அந்தப் பக்கம் தள்ளுங்கள். கரண்டு போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் அந்த இடைவெளியில் எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் சக்தியில்தான் தாக்குப்பிடிக்கிறது, அது ஒரு நொடியின் ஆயிரத்தில் 16 பங்கு போல. சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறும் நேரம் அதைவிட அதிகமாக இருந்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வேண்டாம். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ் சில ஸ்கொயர் வேவில் உறுமும், அணையும். தனி யுபிஎஸ் என்றால் 600 விஏ என்பது சுமார் 360 வாட்; மேலே சொன்ன கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் சேவ் செய்து அணைக்கும் அளவுக்குத் தாங்கும். விளையாட்டைத் தொடர்வதற்கு அல்ல. ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 7600 என்று போனால் 1000 விஏ எடுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை, வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடம்புக்குச் சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் வயர் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் பாதி வோல்டேஜில், 115 வோல்ட்டுக்குப் பக்கம், மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகிக் கழற்றினால் கார்டின் முனை போகலாம்.

மல்டிமீட்டரை ஏசியில் வைத்து மூன்று துளை பிளக்கில் பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். ஃபேஸ், எர்த் இடையே 230 வராமல் ஊசலாடினால் எர்த் இல்லை என்று அர்த்தம். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனையே பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஓட்டு வீடுகளில் பிளக்கில் மூன்றாவது துளை இருக்கும், பின்னால் வயர் இருக்காது. எர்த் போட்டுவிட்டு மேலே வேலை பாருங்கள். நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள்ளேயே முறுக்கிவிடும் குறுக்குவழிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், நியூட்ரல் அறுந்த அன்று கேபினெட்டில் முழு 230 ஏறும்.

இடி மின்னல் காலத்தில்?

துலா (ஐப்பசி) மாத மழையும் சித்திரைக் கோடை மழையும் மாலையில்தான் இடியோடு வரும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள், லேன் கேபிளையும் கழற்றுங்கள். ஃபைபர் இன்டர்நெட் கேபிள் கண்ணாடிதான், ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாக வந்த மின்னல் லேன் கேபிளில் போர்டுக்குள் நுழையும்.

நம் ஊர் வெயிலுக்கு எந்தக் கேபினெட், எந்தக் கூலர்?

பாலக்காட்டுக் கோடை 40 டிகிரி தொடும் ஊர். அறைக்குள்ளேயே 36 இருந்தால் உள்ளே போகும் காற்றே சூடு. முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினெட் படத்தில் அழகு, இங்கே அடுப்பு. முன்பக்கம் வலையுள்ளதை எடுங்கள், முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. ஆடி மாதம் கணவாய் வழியே வீசும் காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டி இருக்கட்டும்.

ரைசன் 5600, ஐ5-12400எஃப் இரண்டோடும் பெட்டியிலேயே கூலர் வரும், அது போதும். ட்ரே ப்ராசஸர் என்று பெட்டி இல்லாமல் தனியாக விற்பதில் கூலர் இருக்காது, வாரண்டியும் கடைக்காரர் சொல்வதுதான். 7500எஃப் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. கூலர் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். தனிக் கூலர் வாங்கினால் கேபினெட் எத்தனை மில்லிமீட்டர் உயரம் ஏற்கும் என்று பாருங்கள், 155 மி.மீ. கூலர் 150 இடத்தில் நுழையாது. எல்ஜிஏ 1200 கூலர் 1700இல் பொருந்தாது, துளை இடைவெளி 75 மி.மீ.இலிருந்து 78 ஆக மாறிவிட்டது. ஏஎம்4 கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5இலும் உட்காரும். கார்டின் நீளத்தையும் கேபினெட்டின் அளவோடு ஒப்பிடுங்கள், முன்விசிறியின் 25 மி.மீ. தடிமனைக் கழித்துவிட்டு.

எஸ்எஸ்டியில் என்ன பார்க்க வேண்டும்?

எம்.2 என்பது வடிவம் மட்டும். உள்ளே சாட்டாவும் (மெதுவான முறை) இருக்கும், என்விஎம்இயும் (வேகமான முறை) இருக்கும். போர்டின் எம்.2 துளை எதை ஏற்கும் என்று கையேட்டில் பாருங்கள். எம்.2 போட்டால் சில போர்டுகளில் ஒன்றிரண்டு சாட்டா துளைகள் வேலை செய்யாது. பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போனால் அதை வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், கண் முன்னால் ஓட்டிப் பார்த்து. ஜிபியு-இசட் என்ற சிறு மென்பொருளில் சிப்பின் பெயர், ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகு) எண்ணிக்கை, மெமரி அளவு சொன்னபடியே இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் 2048எஸ்பி என்ற குறைந்த வகை நிறைய வருகிறது. உண்மையான 580இல் 2304 ஷேடர் இருக்கும். பிறகு, கார்டை முழுச் சுமையில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருள் கால் மணி நேரம். திரையில் புள்ளி, கோடு வரக் கூடாது, விசிறி எல்லாம் சுற்ற வேண்டும், சூடு 85 டிகிரிக்குள் நிற்க வேண்டும். பேக்பிளேட் திருகுகளின் மேல் ஒட்டிய முத்திரை கிழிந்திருந்தால் பிரித்த கார்டு. பழைய பில் கேளுங்கள்.

பில் இல்லாமல் எடுத்தால் 18 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்கிறார்கள்.

அந்த 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதை மிச்சப்படுத்தி மூன்று வருட வாரண்டியை விட்டுக்கொடுப்பது நஷ்டம். கோவையில் வாங்கினாலும் பாலக்காட்டில் வாங்கினாலும் இந்திய விநியோகஸ்தர் வழி வந்த பாகத்துக்கு வாரண்டி நாடு முழுக்கச் செல்லும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும், "கம்ப்யூட்டர் செட் 1" என்று ஒரே வரியில் போட்டால் மாற்றி எழுதச் சொல்லுங்கள். வெயிலில் பில்லின் எழுத்து மங்கும் என்பதால் அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். எல்லை தாண்டிக் கொண்டுவரும்போதும் அந்தப் பில் கையோடு இருக்கட்டும்.

எல்லாம் மாட்டியாயிற்று. விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை.

இந்த வரிசையில் பாருங்கள். மானிட்டர் கேபிள் போர்டில் சொருகியிருக்கிறதா, கார்டிலா? கார்டில்தான் இருக்க வேண்டும். அடுத்து, போர்டின் மேல் இடது மூலையில் ப்ராசஸருக்கான 8 பின். கேபினெட்டுக்குள் போர்டை இறக்கிய பிறகு கை போகாததால் மறந்துபோகும் கேபிள் இது. போர்டை இறக்குமுன்பே அந்த வழியாகக் கேபிளை இழுத்து வையுங்கள். பிறகு ரேம்: கழற்றி, இரண்டு பக்கமும் டக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். ஒரு குச்சியை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துப் பாருங்கள். ஏஎம்5 போர்டு என்றால் முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

போர்டில் சிபியு (ப்ராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கார்டு), பூட் (டிஸ்க்) என்று சிறு விளக்குகள் இருந்தால் எதில் நிற்கிறது என்று பாருங்கள், குற்றவாளி அங்கேதான். அதுவும் இல்லை என்றால் போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து ப்ராசஸர், ஒரு ரேம், கார்டு மட்டும் வைத்து ஓட்டுங்கள். வெளியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால் போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி (போர்டைத் திருகி நிறுத்தும் சிறு கால்) இருந்து ஷார்ட் ஆகிறது.

ஏஎம்4 கூலரைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இடையில் பூசிய பேஸ்ட் இறுகியிருந்தால் கூலரோடு ப்ராசஸரும் பிய்த்துக்கொண்டு வந்து கால்கள் வளையும். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைக் கழற்றி, கூலரை மெதுவாக இடவலமாகத் திருகி எடுங்கள். இன்டெல்லிலும் ஏஎம்5இலும் கால்கள் போர்டில் இருக்கின்றன. சாக்கெட் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.

வாலரன்ட் திறந்தால் வேன் 9001 அல்லது 9003 என்று பிழை வருகிறது.

விண்டோஸ் 11இல் அந்தக் கேம் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். பயாஸில் ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம், இன்டெல் என்றால் பிடிடி ஆன் செய்யுங்கள். பிறகு சிஎஸ்எம் (பழைய முறையில் விண்டோஸைத் துவக்கும் வசதி) அணைத்து செக்யூர் பூட் ஆன். சிஎஸ்எம் அணைத்ததும் விண்டோஸ் வரவில்லை என்றால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறது. சிஎஸ்எம்மை மறுபடி ஆன் செய்து உள்ளே போய், முக்கியமானவற்றை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, எம்பிஆர்2ஜிபிடி என்ற விண்டோஸ் கருவியால் மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

பழைய விஜிஏ மானிட்டரையே வைத்துக்கொள்ளலாமா?

புதுக் கார்டுகளில் விஜிஏ துளை இல்லை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏ ஆக்கும் இணைப்பான் வைத்தால் படம் வரும். பழைய விஜிஏ மானிட்டர் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ்தான், கார்டு எவ்வளவு உழைத்தாலும் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவே. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியதும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைத்து, விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் 144ஐத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்காதவரை அதுவும் 60லேயே ஓடிக்கொண்டிருக்கும்.